முப்பத்திரண்டாவது ஒப்பாரி

முப்பத்தியொன்று இருக்க வேண்டிய பட்டியலில் முப்பத்திரண்டு இருந்தது.

உல்ஜான் திரையில் விரலை வைத்து மறுபடியும் எண்ணினாள். எல்லாம் இறந்தவர்களின் பெயர்கள். அவளுடைய அம்மா அனார்குல், நாரின் வட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் ஒப்பாரி பாடியவள். கூடவே போய்ப் போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்ததும் இறந்தவர் பெயரையே இட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்தது உல்ஜான். முப்பத்தியொரு பெயரையும் அவள்தான் அடித்தாள். கடைசியாக இருந்த கோப்புக்குப் பெயரே இல்லை. தேதி மட்டும் இருந்தது, அதுவும் இன்றைய தேதி.

டிஸ்க் சாகக் கிடக்கும்போது தேதிகள் குழம்பும். இதை வாடிக்கையாளர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! சந்தை வாசலில் பெட்டிக்கடை போட்டு ஊரார் தொலைத்த கல்யாண வீடியோவையும் குழந்தைப் படத்தையும் மீட்டுக் கொடுக்கிறவள் அவள். அப்படிப்பட்டவள் தன் அம்மாவின் குரலை ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டு, இன்னொரு பிரதி எடுக்க நாளைக்கு நாளைக்கு என்று பத்து வருடம் கடத்தியிருந்தாள். கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

போன் அடித்தது. பிஷ்கெக்கிலிருந்து தம்பி மிர்லான். அக்காவை எஜே என்றுதான் கூப்பிடுவான்.

“எஜே, கணவாயை அடைச்சுட்டாங்க. இடுப்பளவு பனியாம். நாளைக்கு அம்மா வருஷாப்திக்கு நான் வந்து சேர்ந்த மாதிரிதான்.”

“வராம இருக்க உனக்கு ஒரு சாக்கு வேணும். இந்தத் தடவை பனி கிடைச்சுது.”

“ஏன் எஜே குத்துற... டிஸ்க் என்னாச்சு? அம்மா குரல் கிடைச்சுதா?”

“கிடைக்கும். முனகிட்டுக் கிடக்கு. ராத்திரிக்குள்ள எடுத்துருவேன்.”

“சாப்பிட்டியா?”

“ஊருக்கே போர்சோக் சுட்டு வச்சிருக்கேன், எனக்கு நாலு இல்லாமலா போகும்?”

சிரித்துக்கொண்டே வைத்தான். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. ஒருத்திக்காகத் தட்டு எடுத்து வைக்கும் பழக்கம் இந்த ஒரு வருடத்தில் விட்டுப் போயிருந்தது.

மணி நாலரைதான், ஆனால் சன்னலுக்கு வெளியே மலை கறுத்துவிட்டது. ஐந்து மாடிக் குடியிருப்பின் வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் குடுகுடுத்தன. மதியம் போர்சோக் மாவைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுத்த வாசனை, இறந்தவர்கள் பசியாறுவதற்கென்றே வீட்டில் எழுப்பும் அந்த வாசனை, திரைச்சீலையிலும் அவள் தலைமுடியிலும் தங்கியிருந்தது. மேசைமேல் டிஸ்க் ‘டக்... டக்...’ என்று சீராகச் சொடுக்கிக்கொண்டிருந்தது. படித்து முடித்த இடமெல்லாம் திரையில் பச்சைக் கட்டம், முடியாத இடம் சிவப்பு. சிவப்புத்தான் அதிகம்.

நாளைக்கு ஒரே ஒரு ஒப்பாரி போதும் அவளுக்கு. போன வருடம் அம்மா செத்தபோது, ஊருக்கெல்லாம் பாடியவளுக்குப் பாட ஆளில்லை. மகள்தான் பாட வேண்டும், அதுதான் முறை. உல்ஜானுக்கு ஒரு அடிகூட வரவில்லை. வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. நாளைக்கு அம்மாவின் குரலையாவது ஒலிக்க விட்டால் அந்த அவமானம் கொஞ்சம் தணியும் என்று நம்பினாள்.

முதலில் முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் பிரதியிலிருந்து எதையும் திறக்க வேண்டும். அவள் தொழிலின் முதல் பாடம் இது. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்தே நேராகத் திறந்து பார்த்தவர்களை ஏக வசனத்தில் திட்டியிருக்கிறாள்.

பெயரில்லாத கோப்பை நேராகத் திறந்தாள்.

இரைச்சல். பிறகு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு, ஒரு வருடம் கேட்காத அந்தக் குரல்.

*“மலைவழி அடைச்சிருச்சே, என் மகளே... தம்பி வர வழியில்லையே...”*

உல்ஜான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். எந்த வீட்டு மகளுக்கு எப்போது பாடியதோ, அந்தக் குரல் அவள் நெஞ்சைத் தடவிக் கொடுத்தது. ஐந்து வினாடியில் நின்றது. டிஸ்க் சொடுக்கியது. மென்பொருள் அதே இடத்தை மறுபடி முட்டியது. ஒரு சிவப்புக் கட்டம் பச்சையானது.

*“தட்டெடுத்து வைக்க மறந்தாயே, என் மகளே... தனியாளாப் போனாயே...”*

அழுகை நின்றுவிட்டது.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது, பாடினால் சாவைக் கூப்பிட்டதாகும் என்பாள் அம்மா. ‘கொஞ்சம் பாடிக் காட்டு’ என்று உல்ஜான் கேட்டதற்கு ஒருமுறை அறையே வாங்கியிருக்கிறாள். செத்த ஆளில்லாமல் அம்மா பாடியதே இல்லை.

நிறுத்திவிட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் நிறுத்தினால் இந்த டிஸ்க் இனி ஓடாது, சொடுக்கும் தாளத்திலேயே அது தெரிந்தது. அம்மாவின் குரல் இத்தோடு சரி. மவுஸ்மேல் இருந்த விரலை அவளால் எடுக்க முடியவில்லை. இன்னொரு கட்டம். இன்னும் ஒரே ஒரு கட்டம்.

*“ஊருக்கெல்லாம் மீட்டுத் தந்தாயே, என் மகளே... உன்னை மீட்க யாருமில்லையே...”*

எண்ணெய் வாசனை தூக்கலாக வந்தது. பழைய வாசனை இல்லை. அப்போதுதான் காய்கிற எண்ணெய். அடுப்பை எட்டிப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

*“விரலை எடுக்க மாட்டாயே, என் மகளே... அடுப்பை எட்டிப் பார்த்தாயே...”*

பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை இருண்டது. டிஸ்க் ஒருமுறை தேய்ந்து சுழன்று நின்றது. சொடுக்கு இல்லை. குழாய்களின் குடுகுடுப்பும் இல்லை.

குரல் நிற்கவில்லை.

ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. இப்போது ஒரு குரல் இல்லை. இரண்டு. நாலு. அறை நிறைய.

திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

சுவரோரம் பெண்கள். சாவு வீட்டில் உட்காருகிற அதே மாதிரி. வரிசையாக. இடுப்பில் கை ஊன்றி. சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி. யார் முகமும் தெரியவில்லை, முதுகுகள்தான். ஓரத்தில் இருந்த முதுகை அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

“எனே,” என்றாள். அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். “எனே, நான் இங்கதான் இருக்கேன். உயிரோடதான் இருக்கேன். பாரேன்.”

யாரும் திரும்பவில்லை. பாட்டு ஏறியது.

அறையின் வலது மூலையில் ஒரு துணித்திரை கட்டியிருந்தது. இந்த வீட்டில் இல்லாத திரை. சாவு வீட்டில் பெண்ணின் உடலைத் திரை மறைவில் கிடத்தும் பக்கம் அது.

அம்மா பாடுவதை நிறுத்தவில்லை. சுவரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். திரையின் ஓரத்தைப் பிடித்தாள். மெல்லத் தூக்கினாள்.

உள்ளே வெள்ளைக் கம்பளம் விரித்திருந்தது. அதில் இன்னும் யாரும் இல்லை.