ஆயிரத்து இருநூற்று ஒன்றாவது கன்று

டெலிபோன் அலறியது.

மரவெட்டு உரிம அலுவலகத்தின் பெண் அதிகாரி ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் சர்வேயர். காலையிலிருந்து வெயிலில் கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தவன்.

"மேடம்... எண்ணி முடிச்சுட்டேன். அத்தனையும் காலி!"

"என்னய்யா சொல்றே?"

"செத்துப் போச்சு மேடம். எல்லாம் காய்ஞ்ச குச்சியா நிக்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் உயிரோட இருக்கு."

"ஒண்ணா?"

"ஆமா. அதுவும் தளதளன்னு நிக்குது! இன்னொரு விஷயம் மேடம்... கணக்கு உதைக்குது. லைசென்ஸ்ல ஆயிரத்து இருநூறு. இங்க ஆயிரத்து இருநூத்தி ஒண்ணு இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சட்டம் கேட்டதற்கு மேல் ஒரு கன்று நடுகிற மர வியாபாரியா? பதினாறு வருட சர்வீஸில் அப்படி ஒரு புண்ணியவானை அவள் பார்த்ததே இல்லை!

"அந்த ஒண்ணு எங்க இருக்கு?"

"கடைசி வரிசையில. ஓரமா, தனியா."

"யாரும் அதைத் தொடக் கூடாது. நான் வர்றேன்."

ரிசீவரை வைத்தாள். அடுத்த நொடி போலீஸ் இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்தினாள்.

ஏன் போலீஸ்?

ஆறு மாதம் பின்னால் போனால்தான் புரியும்.

தங்கப்பல் என்று ஒரு மர வியாபாரி. முன்பல் ஒன்று தங்கம். அதைக் காட்டுவதற்காகவே சிரிப்பான். எண்பது மரம் வெட்ட லைசென்ஸ் கேட்டு வந்தான். முதலில் நடு, பிறகு வெட்டு... இதுதான் விதி. மரம் ஒன்றுக்குப் பதினைந்து கன்று. நட்டு முடித்ததை ஃபீல்டு ஆபீசர் நேரில் பார்த்து ரிப்போர்ட் தரவேண்டும். அப்போதுதான் லைசென்ஸில் அவள் கையெழுத்து விழும்.

ரிப்போர்ட் வந்தது. 'ஆயிரத்து இருநூறு கன்றுகளும் முறைப்படி நடப்பட்டுள்ளன.'

அவள் மறு கேள்வி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

காரணம்... அந்த ஃபீல்டு ஆபீசர் அவள் புருஷன்!

தங்கப்பல் எண்பதோடு நிற்கவில்லை. முந்நூறு மரத்தைச் சாய்த்துவிட்டான். விஷயம் வெடித்த அன்றே ஆள் மாயம். அதே நாளில் அவள் புருஷனும் மாயம்.

ஊர் ஒரே பாட்டைத்தான் பாடியது. ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிகள், சேர்ந்தே கம்பி நீட்டிவிட்டார்கள்!

அவள் நம்பவில்லை. என் புருஷன் தட்டிக் கேட்டிருப்பார், தங்கப்பல் அவரைத் தீர்த்துவிட்டு ஓடியிருப்பான் என்று பதினோரு மனு எழுதினாள். பதினொன்றும் இன்ஸ்பெக்டரின் மேஜையில் தூங்கின. அலுவலகத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் கமிட்டி. அதற்காகத்தான் இன்றைய எண்ணிக்கை. அவர் ஓடிப்போனவர் என்று முடிவானால் அவளுக்கும் டிஸ்மிஸ் ஆர்டர்தான்.

வேலை போனால் போகட்டும். அவர் திருடன் இல்லை என்று ஒருத்தராவது சொல்ல வேண்டும். அது போதும் அவளுக்கு.

* * *

ஜீப்பை விட்டு இறங்கிய இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"கன்னு செத்ததுக்கெல்லாம் போலீஸைக் கூப்பிடுற ஆபீஸ் உங்க ஆபீஸ்தான் மேடம்!"

"ஒரு நிமிஷம் இதைப் பாருங்க சார்."

செத்த கன்று ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சுலபமாக வந்தது. அடியில் கறுப்பு பாலித்தீன் பை. கிழிக்கப்படவே இல்லை. உள்ளே வேர் சுருண்டு கருகியிருந்தது.

"பையோடவே புதைச்சிருக்காங்க. வேர் எங்க போகும்? மேல பார்த்தா நட்ட மாதிரிதான் தெரியும். மண்ணைக் கிளறினாத்தான் குட்டு வெளிப்படும்."

இன்னொன்றைப் பிடுங்கினாள். பை. அடுத்ததிலும் பை.

"சரி... தங்கப்பல் ஃபிராடு. தெரிஞ்ச சங்கதிதானே?"

"இப்ப இதைப் பாருங்க."

கடைசி வரிசை. ஓரத்தில் தனியாக அந்தக் கன்று. இடுப்புயரம். இலையெல்லாம் மினுமினுப்பு. சுற்றிலும் தண்ணீர் தேங்கப் பாத்தி. வெயில் படாமல் சருகு மூடாக்கு. சாயாமலிருக்க ஒரு கம்பு.

அவள் விரலால் மண்ணை விலக்கினாள். பை இல்லை.

"இதை நட்டவனுக்குத் தொழில் தெரியும் சார். மத்ததை நட்டவன் வேற, இதை நட்டவன் வேற. இவ்வளவு பெரிய நிலத்துல எதுக்கு ஒருத்தன் வந்து ஒரே ஒரு கன்னை நடணும்?"

இன்ஸ்பெக்டர் விசிறுவதை நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"செத்த கன்னைப் பிடுங்கி, அதே குழியை மூணடி தோண்டி, மாத்துக் கன்னு வைக்கணும். அது ரூல். ஆனா உயிரோட இருக்கிற கன்னை யாரும் தொடக் கூடாது. அதுவும் ரூல்."

"அதாவது..."

"இது உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த இடத்துல மண்வெட்டி படாது சார்!"

சர்வேயர் இரண்டடி பின்னால் போனான். இன்ஸ்பெக்டர் தரையை உற்றுப் பார்த்தார். கன்றைச் சுற்றி மண் லேசாக உள்வாங்கியிருந்தது. ஆறடி நீளத்துக்கு!

"யாரு தண்ணி ஊத்துறது? ஈரமா இருக்கே..."

தூரத்தில் கொட்டகை நிழலில் நின்ற வாச்சர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தான்.

"என் புருஷன் இங்கதான் இருக்கார் சார்." அவள் குரல் உடைந்தது. "ஓடிப் போயிட்டார்னு சொன்னீங்களே... எங்கயும் போகல. இங்கதான் இருக்கார். தோண்டுங்க!"

"தோண்டலாம். ஆனா தொடக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"உரிம அதிகாரி எழுதிக் கொடுத்தா தொடலாம்."

ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுதினாள். 'மேற்படி கன்றை அகற்ற அனுமதிக்கிறேன்.' கையெழுத்துப் போடும்போது ஒரு துளி கண்ணீர் எழுத்தின் மேல் விழுந்தது.

* * *

மண்வெட்டிகள் இறங்கின.

ஓரடி...

இரண்டடி...

மூன்றாவது அடியில் நாற்றம் வந்தது. கான்ஸ்டபிள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"சார்... துணி!"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். ஆறு மாதமாக அடக்கி வைத்த அழுகை பீறிட்டு வந்தது. "பார்த்துக்குங்க... எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க... என் புருஷன் திருடன் இல்ல!"

இன்ஸ்பெக்டர் குழிக்குள் குனிந்து டார்ச் அடித்தார்.

ஏதோ பளிச்சென்றது.

"மேடம்..."

"நான் பார்க்க மாட்டேன் சார். என்னால முடியாது."

"பார்க்கணும் மேடம். உங்க வீட்டுக்காரருக்குப் பல் கட்டியிருந்தாங்களா?"

"இல்லையே!"

"இதுக்குக் கட்டியிருக்கு. முன்பல். தங்கத்துல!"

அவள் கையை எடுத்தாள். குழியைப் பார்த்தாள். மண் படிந்த மண்டையோட்டில் அந்தப் பல் மட்டும் டார்ச் வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓரமாகப் பிடுங்கிப் போட்ட கன்று எதிரே கிடந்தது, கம்போடு சேர்த்து. தண்டைக் கம்போடு கட்டியிருந்த விதத்தின் மேல் அவள் பார்வை விழுந்தது. கயிறு இல்லை. சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து, கம்புக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, தண்டில் உரசாமல் தளர்வாகக் கட்டிய கட்டு. இந்த ஜில்லாவில் அப்படிக் கட்டுகிற ஆள் ஒருவர்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பழைய டியூபைக் கிழித்திருப்பார்! அவளும்தான் கூட உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"அவர்தான்..." முனகினாள். "அவர் கட்டினதுதான் சார் இது."

"எனக்கு ஒண்ணு புரியல மேடம். இவ்வளவு தொழில் தெரிஞ்ச மனுஷன் இப்படி ஒத்தையா நட்டு மாட்டிப்பாரா? மத்ததெல்லாம் சாகும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்." அவள் குரலில் ஈரமே இல்லை. "அவர் இங்க வந்து மண்ணைக் கிளறிப் பார்த்திருந்தாத்தானே தெரியும்? நாற்காலியில உட்கார்ந்துட்டே ரிப்போர்ட் எழுதியிருக்கார். ஆயிரத்து இருநூறு கன்னு நல்லா வளரும், அதோட இதுவும் ஒண்ணா நிக்கும்னு நினைச்சிருக்கார். தங்கப்பல் அவரை ஏமாத்தினான். அவர் என்னை ஏமாத்தினார்."

இன்ஸ்பெக்டர் கொட்டகைப் பக்கம் விரலைச் சொடுக்கினார். வாச்சரைக் கான்ஸ்டபிள் தரதரவென்று இழுத்து வந்தார். அடி விழும் முன்பே ஆள் கொட்டிவிட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி! தினம் ரெண்டு குடம் ஊத்தச் சொன்னாரு ஆபீசரு. அபூர்வ ஜாதிக் கன்னு, பத்திரமாப் பார்த்துக்கன்னாரு. வாரா வாரம் போன்ல விசாரிப்பாரு, இந்த ஒரு கன்னை மட்டும்தான்..."

"யாரு? எந்த ஆபீசர்?"

வாச்சர் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"அம்மாவோட வீட்டுக்காரருதான். இன்னிக்கு எண்ணிக்கைன்னு தெரியும். முடிஞ்சதும் கூப்பிடுன்னாரு."

"கூப்பிடு!" இன்ஸ்பெக்டர் உறுமினார். கான்ஸ்டபிள் எண்ணைக் குறித்துக்கொண்டு வயர்லெஸ்ஸுக்கு ஓடினார்.

வாச்சர் செல்போனில் எண்ணை அழுத்தினான். மணி போனது. அவள் எழுந்தாள். அவன் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்னப்பா... எண்ணி முடிச்சுட்டாங்களா?"

அதே குரல்! சாமி படத்துக்கு முன்னால் நின்று, இன்னொரு தடவை கேட்க விடு என்று அவள் அழுது வேண்டிய குரல். கொஞ்சம் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"வாயைத் திறந்து பேசுய்யா! யாரும் தோண்டலையே?"

"நான்தாங்க."

"நீயா... நீ எப்படி அங்க... இதோ பாரு, நான் வேணும்னு செய்யல! நான் நிலத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்ததை உன்கிட்டச் சொல்லிடுவேன்னு அவன் மிரட்டினான். நீ தாங்க மாட்டே. உனக்காகத்தான்..."

"எனக்காகக் கொன்னீங்களா?"

"சத்தியமா!"

"எனக்காக ஒரு போன் போடத் தோணலையே. கன்னுக்கு வாரா வாரம் போட்டீங்க. நான் உங்களைப் பொணமா நினைச்சு இந்தக் குழிக்கு முன்னால அழுதுட்டு நிக்கிறேன். செத்துப் போயிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது."

வயர்லெஸ் பக்கமிருந்து கான்ஸ்டபிள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இடம் சிக்கிவிட்டது. பேச்சை இழுங்கள் என்று இன்ஸ்பெக்டர் சைகை செய்தார்.

"குழியா? எந்தக் குழி?" அவர் குரல் கிறீச்சிட்டது. "கன்னு... கன்னு எப்படி இருக்கு?"

அவள் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. பிடுங்கச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன். கவலைப்படாதீங்க... இந்தத் தடவை நேர்ல பார்த்துட்டுத்தான் போட்டேன்!"