மறுகரைப் பொறுப்பு

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு யோகராணி தன் சூரியப் படகை மேற்குக்கரையில் கட்டிவிட்டுப் பரமலிங்கத்தின் கதவைத் தட்டினாள். ஆறு வருடமாக வாரம் தவறாத வேலை இது. மழை, காய்ச்சல், பொங்கல் எதற்கும் விடுப்புக் கிடையாது. மிதவைச் சட்டை கொக்கியில் தொங்குகிறதா, மருந்துப் பெட்டி நிரம்பியிருக்கிறதா, கிழவரின் மணிக்கட்டில் கைக்காப்பு மினுங்குகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார், என்ன சொல்கிறார், எப்படி மூச்சு விடுகிறார் என்பதையெல்லாம் புயலுக்கு ஒதுங்க வாவி நடுவில் கட்டிய அரணுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் கருவி அந்தக் கைக்காப்பு.

"மருந்து இருக்கோ, ஐயா?"

"இருக்கு."

"நெஞ்சிழுப்பு?"

"அதுவும் இருக்கு," என்றார் பரமலிங்கம், சுவரைப் பார்த்தபடி.

அவ்வளவுதான் பேச்சு. ஆறு வருடத்துப் பேச்சையும் கூட்டிக் கட்டினாலும், கல்யாணப் பந்தியில் ஒருவர் சோறு கேட்டுப் பேசுகிற பேச்சுக்குக் காணாது. அவள் கதவைச் சாத்திவிட்டுப் படகுக்குத் திரும்பினாள்.

ஆத்தியடி வாவியின் இரண்டு கரையும் தண்ணீருக்காக வெட்டிக்கொண்ட கரைகள். 2074ஆம் ஆண்டு நீர்க் கலகத்தின்போது மேற்குக்கரையின் பெரிய மதகை யாரோ திறந்துவிட்டார்கள். கிழக்குக்கரை வயலில் நின்ற பதினொரு பேரை வெள்ளம் கொண்டுபோனது. யோகராணியின் அண்ணன் குணபாலன் அதில் ஒருவன். சக்கரத்தைத் திருப்பிய கை பரமலிங்கத்தின் கை என்று வாவி முழுக்கத் தெரியும். அவர் வாயால் மட்டும் அது ஒருநாளும் வந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெரும்புயல் வந்தது. ஒரு கரையின் எச்சரிக்கைக் கோபுரத்தை மற்றக் கரை ஏற்கெனவே அடித்து நொறுக்கியிருந்தது. பிறகென்ன, இரண்டு பக்கமும் பிணம் பொறுக்கின. அதன் பிறகுதான் மிஞ்சியவர்கள் கூடி இந்த மறுகரைப் பொறுப்புச் சட்டத்தைப் போட்டார்கள். அன்பினால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவரை ஒருவர் நம்பாத சுத்தமான ஐமிச்சத்தால் போட்ட சட்டம். "எங்கட உயிர் அவங்கட கையில இருக்கட்டும், அவங்கட உயிர் எங்கட கையில இருக்கட்டும். பிறகு ஆர் வாலாட்டுறான் எண்டு பாப்பம்," என்று ஒரு மீன்காரி கூட்டத்தில் எழும்பிக் கத்தினாளாம். அதுதான் சட்டம்.

அரணின் கதவு தன் கைக்குத் திறக்காது. மறுகரையில் உனக்கென்று சீட்டு விழுந்த பொறுப்பாளின் உள்ளங்கை பட்டால்தான் உனக்குத் திறக்கும். நீ உள்ளே போகும்வரை அந்தப் பொறுப்பாள் படியிலேயே நிற்க வேண்டும். படியில் கடைசியாக மிஞ்சுகிற பொறுப்பாள் மட்டும் தன் ஆளோடு சேர்ந்தே நுழையலாம்; அவருக்காக யாரும் காத்து நிற்கத் தேவையில்லை. புயல் வந்து அரண் வாசலில் நிற்கும்வரை, எந்த வீட்டைப் பார்க்கிறாய் என்று சொந்தக் கரையில் மூச்சு விடவும் கூடாது. சொன்னால், பழிதீர்க்கச் சொல்லிக் காதுக்குள் ஓத நம் ஆட்களே வந்துவிடுவார்களே!

சும்மா சொல்லக்கூடாது, பதினைந்து வருடத்தில் ஒரு உயிர் போகவில்லை. தலைநகரத்து அதிகாரிகள் வந்து, "ஆளுக்கு ஆள் எதற்கு? மீட்பு ட்ரோன் தருகிறோம்," என்றபோது, இரண்டு கரையும் சேர்ந்து அவர்களுக்குத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பின. சட்டம் போட்ட பிறகு இரண்டு கரையும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். யோகராணிக்குத் தன் கரையை நினைத்தால் நெஞ்சு விம்மும். ஒரேயொரு குறை. ஒத்திகைக்கு ஒத்திகை பரமலிங்கம் படகில் ஏற மறுத்துவிடுவார். அவளுக்கு அவர் சீட்டு விழுந்த நாள்முதல் பெரும்புயலும் வரவில்லை என்பதால் விவகாரம் அப்படியே கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகலில் காற்றறிவி கூவியது. கடல் இரண்டு மணி நேரத்தில் வாவிக்குள் ஏறும் என்றது. யோகராணி போட்டது போட்டபடி படகை எடுத்தாள். எதிரும் புதிருமாக நூறு படகுகள், தங்கள் எதிரிகளைக் காப்பாற்ற விரைந்துகொண்டிருந்தன.

பரமலிங்கம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீர் போம். நான் வரேல்லை."

"ஐயா, இது ஒத்திகை இல்லை."

"அதாலதான் வரேல்லை. நடு வாவியில நீரும் நானும் தனிய. உம்மட இடத்தில நான் இருந்தா என்ன செய்வன் எண்டு எனக்குத் தெரியும்."

வாசலில் தண்ணீர் கரண்டைக்கால் அளவுக்கு ஏறிவிட்டது. விட்டுவிட்டுப் போக யோகராணிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவர் மறுத்ததைக் கைக்காப்பு பதிந்துகொண்டிருந்தது. யாரும் அவளை ஒரு சொல் கேட்கமாட்டார்கள். அண்ணனின் முகம் கண்ணுக்குள் வந்தது. கொக்கியிலிருந்த மிதவைச் சட்டையை எடுத்து அவர் மடியில் எறிந்தாள்.

"உங்களில எனக்கு ஒரு பொட்டு இரக்கமும் இல்லை, அதைக் கேட்டுக்கொண்டிருக்காதேங்கோ. பதினைஞ்சு வருசமா எங்கட கரை உங்கட ஆள் ஒருத்தரையும் சாக விட்டதில்லை. அந்தப் பேர் என்ர கையால கெடாது. எழும்புங்கோ!"

அவர் சட்டையைத் தொடவில்லை. அவள் சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"என்ர பொறுப்பாள் ஆர் தெரியுமோ? உங்கட மகள் சுகந்தினி."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எட்டு வருசமா வாறாள். என்ர இன்சுலின் ஊசியை எண்ணிப் பாக்காமல் ஒருநாளும் போனதில்லை. எனக்குப் படகு இருக்கிறதால, இப்ப நேர போய் அரண் படியில நிக்கிறாள். நான் போய்ச் சேராமல் அவள் உள்ளுக்குப் போகமாட்டாள். உங்களை ஏத்தாமல் நான் போகமாட்டன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"என்ர பிள்ளை தண்ணிக்கையோ நிக்கிறாள்?"

"வேற எங்க?"

பரமலிங்கம் எழுந்துவிட்டார்.

வாவி கொதிக்கிற உலையாகக் கிடந்தது. படகு மூன்று தரம் சரிந்தது. மூன்று தரமும் யோகராணி ஒரு கையால் சுக்கானையும் மறுகையால் கிழவரின் சட்டைப் பட்டியையும் பிடித்துக்கொண்டாள். அவர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைசிவரை.

அரண் படியில் சுகந்தினி இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி தனியாக நின்றாள். மற்ற எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். படகைக் கண்டதும் அவள் "யோகாக்கா!" என்றுதான் கத்தினாள். அப்பாவைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

யோகராணி ஈரக் கையைக் கதவில் பதித்தாள். வாயிற்கணினி வழக்கம்போலக் கேட்டது: "உள்ளே வருபவர் தம் பொறுப்பாளின் பெயரும் கரையும் சொல்லவும்."

எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடுகிற இடம் அது. பரமலிங்கம் இவ்வளவு தூரம் வந்ததேயில்லை. "யோகராணி. கிழக்குக்கரை," என்றார். கதவு திறந்தது. அவர் உள்ளே போகவில்லை. ஒத்திகைகளில் மூடியே இருக்கும் ஒலிபெருக்கி, புயல் நாள் என்பதால் திறந்திருந்தது. உள்ளே இரண்டு கரைச் சனமும், எண்ணூறு பேர், கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மதகைத் திறந்தது நான்," என்றார். "அதால செத்த குணபாலன்ர தங்கச்சி இவ. இவதான் என்னைக் கொண்டந்தவ."

சொல்லிவிட்டுத் தள்ளாடி உள்ளே போனார். யோகராணி படியிலேயே நின்றாள். பதினேழு வருடமாகக் கேட்க நினைத்த சொல். கேட்டதும் சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது அழுகை. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

"அக்கா, கெதியா வாங்கோ," என்று அவசரப்படுத்தியபடி சுகந்தினி தன் கையைக் கதவில் பதித்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். அவளால் யோகராணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாயிற்கணினி அதே கேள்வியைக் கேட்டது.

யோகராணி அந்தப் பெண்ணின் நனைந்த தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சுகந்தினி. மேற்குக்கரை," என்றாள். கதவு திறந்த பிறகும் நிறுத்தவில்லை. "பரமலிங்கத்தாரின்ர மகள்," என்று எண்ணூறு பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து, அவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.