சாம்பாரில் இரண்டு கிண்ணம் உப்பு

இலஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே எழுபத்திரண்டு பிள்ளைகளுக்கும் சங்கரேஸ்வரி அக்கா ஒருவர்தான் மதியச் சாப்பாடு சமைத்தார். உதவிக்கு இருந்தவர் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

அன்றைக்குக் கரண்டும் இல்லை. மோட்டார் ஓடாததால், அக்கா சாரலில் நனைந்தபடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்த ஐந்தாம் வகுப்பு ஜெனி அதைப் பார்த்தாள்.

"நான் ஏதாவது செய்யட்டுமாக்கா?"

"பிள்ளைக சமையல்கூடத்துக்குள்ள வரக்கூடாதுட்டி. போய்ப் படி."

அக்கா அடுத்த குடத்துக்குப் போனார். அடுப்பில் சாம்பார் கொதித்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு அளந்து வைக்கப்பட்டிருந்தது. 'இந்த ஒரு வேலையாவது அக்காவுக்குக் குறையட்டும்' என்று நினைத்தாள் ஜெனி. உள்ளே போய் உப்பைக் கொட்டிவிட்டு, வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

மதியம் ஒரு மேடம் வந்தார். நாடு முழுவதும் பள்ளிச் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் குழுவைச் சேர்ந்தவர். கையில் 'டேப்' என்ற கைக்கணினி. சேலைக் கரையெல்லாம் ஈரம்.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ஓர் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது வழக்கம். ஞானதுரை சார் ஒரு வாய் வைத்தார். பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"சாம்பார் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போயிட்டு வந்திருக்கு" என்றார்.

மேடமும் ருசி பார்த்தார். டேப்பில் 'நன்று, சுமார், மோசம்' என்று மூன்று கட்டங்கள். அவர் விரல் மூன்றாவது கட்டத்தின் பக்கம் போனது.

"கிண்ணம் காலியாக் கெடந்துச்சு. அளக்கவே இல்லபோலன்னு நெனச்சு அளந்து போட்டேன்" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மோசம்னு போட்டா அக்காவுக்கு மெமோ வரும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த புவனேஷ் ஜெனியின் காதில் சொன்னான்.

சொல்லாவிட்டால் அக்காவுக்குக் கெட்ட பெயர். சொன்னால், பிள்ளையை உள்ளே விட்டதற்கும் அக்காவுக்குத்தான் திட்டு. சாப்பிடும் முன் செய்வதுபோல ஜெனி கண்ணை மூடினாள். ஜெபம் வரவில்லை. உப்புக் கிண்ணம்தான் வந்தது.

எழுந்து நின்றாள்.

"மேடம், முதல் உப்பு நான் போட்டது. அக்கா வரக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. அவங்க தண்ணி எடுக்கப் போனப்ப நானாப் போனேன்."

அக்கா ஓடிவந்து அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஏட்டி, அது எவ்வளவு பெரிய சட்டி. கொதிக்குதது மேல பட்டிருந்தா? சாம்பார் போனாப் போவுது."

மேடம் டேப்பைத் தாழ்த்தினார். "தண்ணி சுமக்கிறதும் நீங்கதானா?"

"காய் நறுக்குததும் பாத்திரம் கழுவுததும் அவங்கதான்" என்றாள் ஜெனி.

மேடம் டேப்பின் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "நாப்பது கேள்வி இருக்கு. சமைக்கிறவங்களப் பத்தி ஒண்ணுகூட இல்ல. கடைசியில 'பிற குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதலாம்?"

ஜெனி யோசித்தாள். "ருசி மோசம்னே போடுங்க மேடம். அது நெசந்தான். ஆனா ஏன் மோசம்னும் எழுதுங்க. இன்னொரு ஆள் வேணும்னு எழுதுங்க."

மேடம் நின்றபடியே நெடுநேரம் எழுதினார். "ஆள் வருவாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. எழுதிட்டேன்."

"அக்கா, குழம்பைக் கொஞ்சமா ஊத்துங்க. சோத்தை நெறைய வைங்க" என்றாள் ஜெனி. அப்படியே பரிமாறினார்கள். முட்டையோடு சேர்த்துச் சாப்பிட்டபோது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

மேடம் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நீங்க சாப்பிட்டாச்சா மேடம்?" என்று கேட்டாள் ஜெனி.

"காலையில சிவகிரியில ஆரம்பிச்சது. இது நாலாவது பள்ளிக்கூடம். நாலு இடத்துலயும் ஒவ்வொரு வாய்."

"ஒரு வாய் வயித்துக்கு எப்படிக் காணும்?" என்ற ஜெனி, அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு தட்டு கொண்டாங்க. ஒங்களுக்கும் சேத்துத்தான்."

பிறகு புவனேஷைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தானும் நகர்ந்து இரண்டு பேருக்கு இடம் விட்டாள்.