மாறிப்போன கறுப்பு டெலிபோன்

திருட்டைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள் எது போயிற்று என்றுதான் ஆரம்பிப்பார்கள். பல் டாக்டர் எது வந்தது என்று ஆரம்பித்தார்.

"என் அலமாரியில இருந்த ஒரு சாதாரண டெலிபோனை யாரோ எடுத்துட்டாங்க மேடம். எடுத்துட்டு, அதே எடத்துல ஒசத்தியான ஒண்ணை வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"அப்படி ஒரு திருடன் இருந்தா எங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க டாக்டர். எங்க மிக்ஸி ரொம்பப் பழசாயிடுச்சு" என்றார் வாத்தியார்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டருடன் வந்திருந்த மகள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். வாத்தியார் அசடு வழிந்து, தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

மனைவியைத்தான், வாத்தியார் உட்பட, எல்லாரும் மேடம் என்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடை, தொலைந்த நகை என்று வந்த பொய்களையெல்லாம் பிரித்து மேய்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டு வாசலறையில் நாலு நாற்காலி போட்டு, மற்றவர்களின் குழப்பங்களைக் கேட்கிறார். வாத்தியார் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கேள்வியை முழுக்கப் படிக்காமல் விடை எழுதாதே என்று ஆயுசு முழுக்கப் பிள்ளைகளைத் திட்டியவர், தான் மட்டும் அப்படித்தான் எழுதுவார். இந்த விஷயத்துக்கும் அவர் மனத்தில் அதற்குள் ஒரு விடை தயாராகிவிட்டது.

"ஒசத்தின்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று மேடம் கேட்டார்.

டாக்டரின் முகம் அந்தக் கவலையிலும் மலர்ந்தது. தன் பைத்தியத்தைப் பற்றி ஒருவர் பொறுமையாகக் கேட்டால் யாருக்குத்தான் மலராது! காணாமல் போனது பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு உடம்பு, சுழற்றும் டயல், ஒரு மூலையில் சில்லு பெயர்ந்த சாதாரணச் சரக்கு. பழைய சாமான் கடையில் வேறு இரண்டு டெலிபோன் வாங்கியபோது, கடைக்காரர் கொசுறாகத் தூக்கிக் கொடுத்தது. இப்போது அங்கே இருப்பதும் கறுப்புதான், அதே வடிவம்தான். ஆனால் டயலுக்குக் கீழே, இழுத்தால் வெளியே வரும் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. நம்பர் எழுதி வைப்பதற்கு.

"அந்தத் தட்டுள்ளதைத் தேடி நான் ஏறாத கடை இல்ல, மேடம். யாரோ என் நாடி பிடிச்சுப் பாத்து வெச்ச மாதிரி இருக்கு. அதான் பயம். திருட்டுச் சாமானா? இல்ல, என்னைக் கைக்குள்ள போட்டுக்கறதுக்கு யாராவது குடுத்த லஞ்சமா? அதைத் தொடவே பயந்துக்கிட்டு அப்படியே விட்டு வெச்சிருக்கேன்."

"லஞ்சம்னா? நீங்க யாருக்கு என்ன செய்யணும்?"

மகள்தான் பேசினாள். "என்னைக் குடுக்கணும், ஆன்ட்டி."

விஷயம் அதுதான். அவளும் ஒரு பையனும் விரும்பினார்கள். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் வேலை அவனுக்கு. தாய் இல்லாத பெண் என்பதால் டாக்டர் இரண்டு முறை யோசித்துத்தான் சரி சொன்னார். பையனும் அவன் அம்மாவும் முதல் முறை வந்தபோது டெலிபோன் அறை முழுக்கச் சுற்றிக் காட்டினார். இரண்டாம் முறை வந்து போன மறுநாள் பார்த்தால் டெலிபோன் மாறியிருந்தது. அன்று பையன் செல்போன் பேசுகிறேன் என்று அந்த அறைக்குள் தனியாகப் போயிருந்தான்.

"ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டேன், மேடம். 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன். 'அதைப் பத்தி என்னை எதுவும் கேக்காதீங்க அங்கிள்'ங்கறான். நல்ல பையன்தான். கீழ் வரிசையில முன்பல் நாலு இருக்கணும், இவனுக்கு மூணுதான். அதைக்கூட நான் பெருசு பண்ணல. ஆனா முதுகுக்குப் பின்னால வேலை பாக்கறவன் கையில பொண்ணைக் குடுக்க முடியுமா? ஞாயித்துக்கிழமை அவனையும் அவன் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன். பதில் வரலைன்னா, இந்தச் சம்பந்தம் வேணாம்னு முகத்துக்கு நேராச் சொல்லிடப் போறேன்."

மகளின் கைக்குட்டை முறுக்குவதற்கு இடமில்லாமல் கயிறாகியிருந்தது.

மறுநாள் காலை மேடமும் வாத்தியாரும் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். கீழே கிளினிக், மேலே வீடு. மாடியின் கடைசி அறையில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தொலைபேசி. கறுப்பு, பச்சை, தந்த நிறம், சுவரில் மாட்டுவது, காதில் தனியாக வைத்துக் கேட்பது. எல்லாம் டாக்டரின் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கப்பட்டு மின்னின. எல்லாவற்றிலும் ரிசீவரின் ஒயர் இடது பக்கமாக இறங்கியது. மாற்றி வைக்கப்பட்டிருந்த அந்த ஒன்றில் மட்டும் வலது பக்கமாகத் தொங்கியது. கோணலாக எது இருந்தாலும் வாத்தியாருக்குக் கை சும்மா இருக்காது. ரிசீவரைத் தூக்கித் திருப்பி வைக்கப் போனார்.

"வெச்சது வெச்சபடி இருக்கட்டும்" என்றார் மேடம்.

பெண்ணின் தாய்மாமன் அங்கேயே இருந்தார். டாக்டரோடு கடை கடையாக ஏறி இறங்குகிறவர். பழைய சாமானை வாங்கி விற்றுக் கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்கிறவர். அவரைப் பார்த்ததுமே வாத்தியாரின் முதல் விடை அழிந்து, இரண்டாவது விடை உதித்தது.

"அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றார் மேடம்.

"என்ன நடந்துச்சு, என் புதுச் சட்டை போச்சு!" என்றார் மாமன். "பையனோட அம்மாவுக்கு இடது பக்கத்துல உக்காந்து டீ குடிச்சேன். நான் கப்பைத் தூக்க, அவங்களும் தூக்க, முழங்கையும் முழங்கையும் முட்டி டீ பூரா என் மேல. பாவம், அவங்க பதறிப் போயிட்டாங்க. பொண்ணுக்குத் தைச்ச டிரஸ்ஸை ஒரு பெரிய பையில கொண்டு வந்திருந்தாங்க. டிரஸ்ஸைக் குடுத்துட்டு, கை கழுவணும்னு பையோட உள்ள போனாங்க. பையன் அதுக்கு முன்னாடியே போன் வந்துதுன்னு இந்த ரூமுக்குப் போயிட்டு வந்துட்டான். நான் சட்டை மாத்தப் போயிட்டேன்."

"காணாமப் போன டெலிபோன்ல வேற ஏதாவது விசேஷம் உண்டா?" என்று மேடம் டாக்டரிடம் கேட்டார்.

"ஒரு விசேஷமும் இல்ல. ஒயரைக்கூட எலி கடிச்சிருந்தது. அவங்க முதல் தடவை வந்துட்டுப் போனப்புறம், அதைக் கழட்டி எறிஞ்சுட்டு வேற ஒயர் போட்டேன்."

"எங்க எறிஞ்சீங்க?"

சேகரிப்பவர்கள் எறிந்தேன் என்றால் பெட்டிக்குள் போட்டேன் என்று அர்த்தம். டாக்டர் ஓர் உதிரிப் பெட்டியைத் திறந்து, கறுப்பு ரப்பர் உறை போட்ட ஒரு ஒயரை எடுத்தார். மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் பள்ளம் பள்ளமாக இருந்தது. ரப்பர் கிழியவில்லை, உள்ளே இருக்கும் கம்பி தெரியவில்லை.

"எலின்னு யார் சொன்னா?"

"நான்தான்" என்றார் மாமன். "வேற எது கடிக்கும்?"

மேடம் அதைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாத்தியார் பேசிக்கொண்டே வந்தார். "மாமன்தான், மேடம். சந்தேகமே இல்ல. அந்த மட்டமான டெலிபோன்ல நமக்குத் தெரியாத ஏதோ மதிப்பு இருக்கு. ஆளு அதை அமுக்கிட்டான்!"

"மதிப்பு தெரிஞ்ச ஆளு, தட்டு வெச்ச டெலிபோனையா பதிலுக்கு வெப்பான்? அதுக்கு டாக்டர் ஏறாத கடை இல்லைங்கறார். அதை வெச்சவங்களுக்கு அதோட அருமை தெரியாது. கறுப்பு டெலிபோனுக்குக் கறுப்பு டெலிபோன், அவ்வளவுதான் அவங்க கணக்கு. யாருக்கும் நஷ்டம் வரக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க. திருட வந்தவங்க அப்படி நினைப்பாங்களா?"

"அப்ப பையன்!" என்றார் வாத்தியார் உடனே.

மேடம் சிரித்துவிட்டு நடந்தார். வாத்தியாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கயிறாகிப்போன கைக்குட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது. பையனாக இருக்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் டெலிபோன் அறையில் கூடினார்கள். பையன் தலை நிமிர்ந்து நின்றான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் அம்மா, நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து கொஞ்சம் கூன் விழுந்த முதுகோடு, ஒரு பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதைச் செஞ்சது யாருன்னு நான் சொல்லப் போறதில்ல" என்று மேடம் ஆரம்பித்தார். "ஏன் செஞ்சாங்கன்னு டாக்டரே சொல்லட்டும். டாக்டர், இந்த ஒயரை டெலிபோன் வாங்கறவரா ஒரு தடவை பாத்துட்டீங்க. இப்பப் பல் டாக்டரா ஒரு தடவை பாருங்க."

டாக்டர் வேண்டாவெறுப்பாக வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார், இறக்கினார். ஜன்னலுக்குப் போனார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அவர் குரல் மாறிவிட்டது.

"அட! இது எலி இல்ல. பால் பல். ரெண்டு வயசு, ரெண்டரை வயசுக் குழந்தை. ஒரே எடத்துல எத்தனையோ மாசம் கடிச்சிருக்கு. மேல ரெண்டு பல்லும் தனித்தனியாப் பதிஞ்சிருக்கு. கீழ ரெண்டு தடம் இருக்க வேண்டிய எடத்துல ஒரே அகலமான தடம். ரெண்டு பல் ஒட்டிப் பொறந்த குழந்தை. அபூர்வம்தான். பால் பல் அப்படி ஒட்டியிருந்தா, பின்னால நிலைப் பல் முளைக்கும்போது அந்த எடத்துல ஒண்ணு வராமலே போறதுண்டு. நாலு இருக்க வேண்டிய எடத்துல…"

அவர் நிறுத்திவிட்டுப் பையனைப் பார்த்தார். பையன் சட்டென்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"மூணு!" என்று வாத்தியார் கத்தினார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேள்வி முடிந்த பிறகு விடை சொன்ன சந்தோஷம் அவருக்கு.

"ரெண்டு வயசுல கடிச்சது எந்தப் பையனுக்கும் நெனைவிருக்காது" என்றார் மேடம். "பாத்துக்கிட்டிருந்தவங்களுக்குத்தான் மறக்காது. இன்னொண்ணும் இருக்கு. ரிசீவரை எடது கையில பிடிக்கறவங்க வெச்சா ஒயர் எடது பக்கம் எறங்கும். எடது கையால எழுதறவங்க ரிசீவரை வலது கையில பிடிப்பாங்க, வெக்கும்போது ஒயர் வலது பக்கம் விழும். தட்டு வெச்ச டெலிபோன்ல அப்படித்தான் விழுந்திருக்கு. எடது கைக்காரங்களுக்குப் பக்கத்துல எடது பக்கமா உக்காந்து டீ குடிச்சா, சட்டையும் நனையும்."

மாமன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பையனின் அம்மா எழுந்து நின்றார். "போதும்மா. நான்தான் எடுத்தேன்" என்றார். பையிலிருந்து சில்லு பெயர்ந்த கறுப்பு டெலிபோனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது எங்க வீட்டு போன். இவன் அப்பா போனப்புறம் எனக்குத் தையல் ஆர்டர் எல்லாம் இதுலதான் வரும். ஒரு பக்கம் இடுப்புல இவன், ஒரு பக்கம் காதுல இது. அளவு எழுதி முடிக்கற வரைக்கும் அழாம ஒயரைக் கடிச்சுக்கிட்டிருப்பான். அப்புறம் ஒரு கஷ்டத்துல வீட்டைக் காலி பண்ணப்ப, சாமானோட சாமானா இதுவும் போயிடுச்சு. உங்க அலமாரியில பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"கேட்டிருக்கலாமேம்மா!" என்றார் டாக்டர்.

"எப்படிக் கேப்பேன்? பையனைப் பெத்தவ, முதல் தடவை வந்த வீட்ல, அலமாரியில இருக்கறதைக் காட்டி 'இதைக் குடுங்க'ன்னு கேட்டா என்ன நெனைப்பீங்க? இன்னிக்கு இதைக் கேக்கறா, நாளைக்கு என்னத்தைக் கேப்பாளோன்னு நெனைக்க மாட்டீங்களா? எம்மேல வர்ற வெறுப்புல கல்யாணமே நின்னுடுமோன்னு பயந்தேன். அதான் அதே மாதிரி ஒண்ணு தேடி வாங்கி வெச்சேன். நான் சொன்ன அடையாளத்தைக் கேட்டுக் கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னார். வீட்டுக்குப் போய்ப் பாத்தா இதுல ஒயரே புதுசு. இவன் கண்டுபிடிச்சுத் திட்டினான். உங்ககிட்ட சொல்லிடலாம்னான். நான்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். தப்பு என்னோடது. அதுக்கு இந்தப் பிள்ளைங்களைப் பிரிச்சுடாதீங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ரெண்டு தடவை இவனை இங்க நிக்க வெச்சு, திருடனை விசாரிக்கற மாதிரி விசாரிச்சேன்" என்றார். "கல்யாணமே போகப் போகுதுன்னு தெரிஞ்சும் பெத்தவளை விட்டுக் குடுக்காம நின்னிருக்கான். இவன் எம் பொண்ணை மட்டும் விட்டுக் குடுத்துடுவானா? எனக்குத்தான் புத்தி மழுங்கிப் போச்சு."

ஒயரை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்து அழுத்தினார். "இது உங்களோடது, டெலிபோனும் உங்களோடது. தட்டு வெச்சதை அந்தக் கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்" என்று சொன்னவரின் பார்வை தட்டு வைத்ததன்மேல் ஒரு நொடி ஏக்கமாகப் போய் நின்றது. "அப்பா, நடிச்சது போதும்" என்றாள் மகள். மாமன் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இனிமே இந்த வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டார்.

"வரலாமாவா?" என்றார் டாக்டர். "நல்லாயிருக்கே கதை! நீங்க வராம யார் வந்து தேதி குறிக்கிறது, சம்பந்தியம்மா?"

பெண் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அழுதுகொண்டே ஓடிப்போய் வருங்கால மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.