ஆயில் இருக்கும் வரை

ஞாயிற்றுக்கிழமை மதியம், விடாமல் பெய்த மழையில், பின்னறைச் சுவர் சூடாக இருந்தது.

நூலகர் அதை வேண்டுமென்று தொட்டுப் பார்க்கவில்லை. ஈரத் தரையில் கால் வழுக்கியது, சுவரில் கையூன்றினார், அவ்வளவுதான். வெயில் முகத்தையே பார்த்து நான்கு நாளான சுவர். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலிருந்தது.

வீட்டில் எது கோளாறு என்றாலும் வண்டியைத் திட்டுவது அவருக்குப் பழக்கம். ஆனால் வண்டி வீட்டில் இல்லை. பதினோரு நாளாக ஒர்க்‌ஷாப்பில், எஞ்சின் இல்லாமல், பானெட்டைப் பிளந்துகொண்டு நின்றது.

காடு மேடெல்லாம் சுற்றலாம் என்று மூன்று வருஷத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய டீசல் வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும் என்றார்கள். இழுத்தது, அவர் சம்பளத்தை. அது ஏறிய ஒரே மேடு ஒர்க்‌ஷாப் வாசலில் இருந்தது. முதல் வருஷம் கிளட்ச், டீசல் பம்ப். அடுத்த வருஷம் டர்போ, நாசில். அப்புறம் பிஸ்டன், ஹெட். கடைசியாக எஞ்சின் பிளாக்கிலேயே விரிசல். கோபப்படத் தெம்பில்லாமல் "மாத்திருங்கண்ணே" என்று மட்டும் சொல்லக் கற்றிருந்தார்.

மெக்கானிக் நேர்மையானவர். தொந்தரவே அதுதான். புதுசு போட்டால் பழசைச் சாக்கில் கட்டி, "மாத்தலைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாது பாருங்க சார்" என்று கையில் கொடுத்துவிடுவார். நூலகருக்கோ வந்த எதையும் பதிவு செய்யாமல் விட வராது. ஒவ்வொரு சாக்கிலும் தேதியும் எண்ணும் எழுதிய அட்டையைக் கட்டி, பின்னறைப் புத்தக அலமாரியில் அடுக்கினார். பம்ப்புக்குப் பக்கத்தில் பைப், பைப்புக்குப் பக்கத்தில் நாசில். எது எதற்கு அடுத்து வேலை செய்யுமோ அந்த வரிசையில். நேற்று மினி லாரியில் வந்த பழைய பிளாக்கை நடுத்தரையில் இறக்கியதும் வரிசை முழுமையானது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மனைவிக்கு இல்லை. அவளுக்கு எட்டாம் மாதம். "நான் பிள்ளையோட வரும்போது அந்த ரூம்ல தொட்டில்தான் இருக்கணும். இரும்பு இருந்துச்சு, நேரா எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க பம்ப்பை மடியில போட்டுத் தூங்க வைங்க." தீர்ப்பு வந்தாகிவிட்டது. நாளை காலை பழைய இரும்புக்காரர் வருவார்.

சுவரில் கையை வைத்தபடியே அவர் நின்றார். கரண்ட் இல்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டும் சத்தம், குழாயடியில் வாளி நிரம்பி வழியும் சத்தம், படுக்கையறையில் மனைவியின் குறட்டை, இந்த மூன்று மாதமாக வந்திருக்கும், சொன்னால் அவள் ஒப்புக்கொள்ளாத அந்தக் குறட்டை. இவை எல்லாவற்றுக்கும் அடியில், பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவதுபோல், டக், டக், டக் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டீசல் வாடை. சூடான ரப்பர். கருகிய ஆயிலின் புளித்த நெடி. மூன்று வருஷமாக அவர் சட்டையில் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் இருந்த அதே நெடி, இப்போது கதவின் கீழிடுக்கு வழியாக மெல்ல வந்து அவர் பாதத்தைத் தொட்டது.

கதவைத் திறந்தார்.

எதுவும் எதோடும் சேரவில்லை. எல்லாம் அவர் வைத்த தட்டிலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு சாக்கும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்டன் சாக்குகள் நான்கும் முறை வைத்து எழுந்து அமர்ந்தன. நாசில் சாக்கு துடித்தது. டர்போவின் சாக்கு உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டு, உப்பி, மறுபடி ஒட்டிக்கொண்டது. எண் எழுதிய அட்டைகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின.

நூலகர் போனை எடுத்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். சாவியை எடுத்த பிறகும் டீசல் எஞ்சின் ஓடுமா?"

"ஓடும் சார். டர்போ சீல் போச்சுன்னா தன் ஆயிலைத் தானே குடிச்சு ஓடும். டீசலைக் கட் பண்ணாலும் நிக்காது. ஏன் சார், லீவு நாள்ல பாடம் படிக்கிறீங்களா? உங்க வண்டி என் கண்ணு முன்னாடி எஞ்சினே இல்லாம நிக்குது."

"எப்படி நிறுத்துறது?"

"மூச்சை அடைக்கணும். டர்போல காத்து இழுக்கிற வாயைப் பலகை வெச்சு மூடிருங்க. கையை வெச்சுராதீங்க, இழுத்துரும்."

"மூடலைன்னா?"

"ஆயில் தீர்ற வரைக்கும் ஓடும். தீர்ந்ததும் இறுகிச் செத்துரும். அதுக்கு அப்புறம் கடவுளே வந்தாலும் சுத்தாது."

அலமாரியில் கெட்டி அட்டை அகராதி ஒன்று இருந்தது. டர்போவின் சாக்கைப் பிரித்து, அந்த வட்ட வாயில் அகராதியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். வாய் அட்டையைக் கவ்வியது. டக், டக். டக். சாக்குகள் தளர்ந்தன. டக்.

குறட்டை நின்றது.

அது நின்ற விதம் சரியில்லை. புரண்டு படுத்தால் நிற்பதுபோல் இல்லை. பாதி இழுப்பில், அறுத்ததுபோல்.

அகராதியைப் பிடுங்கினார். எஞ்சின் இருமி, பிடித்து, ஓடியது. படுக்கையறையில் தண்ணீருக்கு மேல் தலை தூக்கியவளைப்போல் ஒரு பெரிய மூச்சு.

ஓடினார். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம்.

"என்னங்க... யாரோ என் வாயைப் பொத்தின மாதிரி இருந்துச்சு."

"கனவும்மா. படுத்துக்கோ."

"கைகூட இல்லைங்க. அட்டை மாதிரி இருந்துச்சு." கண் சொருகியது. "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். தூங்க விட மாட்டேங்குது."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். குறட்டை வந்தது. இழுக்கும்போது டர்போ இழுத்தது. விடும்போது விட்டது.

தற்செயலாக இருக்கலாம். நூலகர் எதையும் சரிபார்த்தே எழுதுகிறவர். மறுபடி போய் அகராதியை வைத்தார். ஒரே ஒரு நொடி. அந்த ஒரு நொடி வீட்டில் மழையைத் தவிர வேறு சத்தமில்லை.

மூன்றாம் தரம் சரிபார்க்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இதை யார் பார்த்துக்கொள்வது?

பிளாக்கின் முன் மண்டியிட்டு, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினார். ஒர்க்‌ஷாப்பில் ஆயிலை வடித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் கம்பியில் ஆயில் இருந்தது. கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே. துடைத்து, விட்டு, உருவினார். அரை நூல்.

மூலையில் ஒரு ஆயில் கேன். பாதிக்கும் குறைவு. ஊற்றினார். கம்பியில் அளவு ஏறியது. குறட்டை சீரானது. பத்து நிமிஷம். அளவு இறங்கியது. ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தார். தெருவில் முழங்கால் தண்ணீர். திரும்ப ஓடி வந்தார். ஊற்றினார்.

கேன் லேசானது.

காதைப் பிளாக்கின் மேல் வைத்தார். கன்னம் சுட்டது. எடுக்கவில்லை. டக், டக் என்ற அந்தக் கனத்த தாளத்துக்குள் இன்னொன்று கேட்டது. சின்னது. மிக வேகமானது. போன வாரம் டாக்டர் அவள் வயிற்றில் கருவியை வைத்து, "கேளுங்க, குதிரை மாதிரி ஓடுது" என்று கேட்கவைத்த அதே அவசரம்.

கேனைத் தலைகீழாகப் பிடித்தார். உதறினார். விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழவில்லை.

கையை ஆட்டாமல் பிடித்திருந்தார்.

உள்ளே, அந்தச் சின்னச் சத்தம் ஒன்றைத் தவறவிட்டது.

பிறகு இன்னொன்றை.