பலகை அறைந்த வீடு

ஆணி அடித்தவர்கள் வண்டியேறிப் போன பிறகும் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

லோர்னா சமையலறை ஜன்னலருகே நின்று கேட்டாள். பக்கத்து வீடு வருஷக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து அந்தத் தெருவில் புல் எவ்வளவு வளரலாம், கதவுக்கு என்ன நிறம் பூசலாம் என்பதெல்லாம் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். அந்த விதிகளைக் கட்டிக்காக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மத்தியானம் ஆட்களைக் கூப்பிட்டுப் புதரை வெட்டி, ஜன்னல், கதவு எல்லாவற்றையும் பலகை அறைந்து மூடச் சொல்லியிருந்தாள்.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குது மேடம்" என்று அப்போதே சொன்னான் அந்த ஆட்களில் ஒருவன்.

"ரக்கூன் மாதிரி ஏதாவது மிருகமா இருக்கும். செத்தா சாகட்டும், நீ அடி."

வெட்டிய புல்லின் வாடை சாயங்காலப் புழுக்கத்தில் கனத்து நின்றது. அதற்கடியில் இன்னொரு வாடை, நாள்கணக்கில் பிழியாமல் போட்ட ஈரத்துணியின் வாடை. டக். டக். அவசரமில்லாத சத்தம்.

"ஹார்லன், உனக்குக் கேக்குதா?"

கணவரின் நாற்காலி காலியாக இருந்தது. மறதி நோய் வந்ததிலிருந்து, திறந்த கதவு எதைக் கண்டாலும் உள்ளே போய்விடுவார். பக்கத்து வீட்டுப் பின்கதவு மத்தியானம்வரை திறந்துதான் கிடந்தது.

லோர்னா தெருவில் இறங்கி ஓடினாள்.

எதிர்வீட்டு ராஸ்கோ தன் கார் ஷெட்டில் நின்றிருந்தான். கதவுக்கு மஞ்சள் நிறம் பூசிய குற்றத்துக்காக, போன கூட்டத்தில் அவனை எல்லார் முன்னாலும் அவள் அழவைத்திருந்தாள்.

"கடப்பாரை குடு ராஸ்கோ! ஹார்லன் உள்ள மாட்டிக்கிட்டாரு!"

"அடடா. சங்கத்து அனுமதியில்லாம பலகையில யாரும் கை வைக்கக்கூடாதே மேடம். நீங்க போட்ட சட்டமாச்சே! கூட்டத்தைக் கூட்டுங்க, நானும் வந்து கை தூக்குறேன்."

சிரித்தபடியே ஷட்டரை இறக்கினான்.

லோர்னா பக்கத்து வீட்டுக்கு ஓடி, வெறுங்கையால் பின்கதவுப் பலகையைப் பிடித்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. ரத்தத்தில் பிடி வழுக்கியது.

"லோர்னா..." உள்ளிருந்து ஹார்லனின் குரல். "இங்க ஒருத்தி என்னை விடமாட்டேங்கிறா."

"யாரு? யாரு ஹார்லன்?"

மறுபடி பலகையை இழுத்தாள்.

பலகையின் மூலை பெயர்ந்தது. இடுக்கில் ஒரு கை நீண்டது. விரலில் ஹார்லனின் கல்யாண மோதிரம். இறுகப் பற்றிக்கொண்டாள். வெதுவெதுப்பான கை. உயிருள்ள கை. வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் இருட்டிலிருந்து இன்னொரு கை வந்தது. சின்னக் கை. சாம்பல் நிறம். அது லோர்னாவின் பிடியிலிருந்து ஹார்லனின் விரல்களை, நிதானமாக, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க ஆரம்பித்தது.