ஃபிளோராவின் கம்ப்யூட்டரைக் கடத்தியது யார்?

"யா அல்லா... போச்சு! எல்லாம் போச்சு!"

அலறல் கேட்டு, டீக்கடையில் நின்றிருந்த ஃபிளோரா கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

கூத்தாநல்லூர் ரோட்டில் இருந்தது அந்த ரைஸ்மில். ஆபீஸ் வாசலில் முதலாளி காதர் மைதீன் தலையில் கைவைத்து நின்றார்.

ஃபிளோரா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மேஜை இருந்தது. மானிட்டர் இருந்தது. கீபோர்டும் இருந்தது.

சி.பி.யு.வைக் காணோம்! கூடவே யு.பி.எஸ்.ஸையும் காணோம்!

"ஆப்பரேட்டர் நீதானே? சீட்டை விட்டு எங்க போனே?"

"டீ குடிக்க, முதலாளி."

"டீயா? இத்தனை வருஷத்துல நீ எழுந்திரிச்சுப் போயி நான் பார்த்ததே இல்லையே!"

"வந்த லாரிக்கெல்லாம் எடைச் சீட்டுப் போட்டு முடிச்சிட்டேன். அதான்..."

உண்மைதான். போன வாரம்தான் கம்ப்யூட்டருக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தாள். காதர் மைதீன் லேசில் மசியவில்லை. "வேலை வேகமாகலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று சபதம் போட்டுத்தான் சம்மதம் வாங்கினாள்.

வேகமா? முன்பெல்லாம் ஒரு எடைச் சீட்டு வருவதற்குள் டிரைவர் ஒரு தூக்கம் போட்டு எழுவார். இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் சீட்டு கையில்!

இப்போது... கம்ப்யூட்டரே இல்லை!

வெளியே அடுத்த லாரிகள் ஈர நெல்லோடு வரிசை கட்டி ஹாரன் அடித்தன. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் அத்தனை குறுவை நெல்லும் மூட்டையிலேயே முளைத்துவிடும். சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையும் இறக்க முடியாது.

ரோட்டை அடைத்த லாரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் வானதி கூச்சல் கேட்டு உள்ளே வந்து, நடந்ததை விசாரித்தாள்.

"யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது! சொல்லுங்க... இந்தப் புது சிஸ்டத்தால யாருக்கு வயித்தெரிச்சல்?"

கணக்கர் அடைக்கலசாமி மெல்லக் கை தூக்கினார்.

"எனக்குத்தான் மேடம். பழசு சுத்திக்கிட்டே கெடக்கும். நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன்."

"குறட்டை விட்டு ஜெபம், மேடம்" என்றாள் ஃபிளோரா.

"இப்ப அசந்தா பில்லு மேல பில்லு வந்து விழுது! ஆனா மாதா சத்தியமா நான் தூக்கல. எனக்கு இடுப்புப் புடிப்பு. தண்ணிக் குடத்தைக்கூடத் தூக்க முடியாது."

கேட் காவலாளி பக்கிரி தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கும் கடுப்புதாங்க. டிரைவருங்க காத்துக் கெடந்தா என் சம்சாரம் கடையில வடை பறக்கும். இப்ப வடை ஆறிப்போயி நாங்களே தின்னுக்கிட்டிருக்கோம்."

வானதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு இத்தனை எதிரிங்களா?"

பீப்!

எல்லோரும் உறைந்தார்கள்.

பீப்... பீப்...

"பாம்! பாம்!" பக்கிரி கேட்டைத் திறந்துகொண்டு ஓடினார். டிரைவர்கள் வாய்க்காலில் குதித்தார்கள். இடுப்புப் பிடிப்பு அடைக்கலசாமி ஒரே தாவில் நெல் மூட்டை அடுக்கின் உச்சியில் இருந்தார்!

ஃபிளோரா மட்டும் அசையவில்லை. காதைத் தீட்டினாள்.

"மேடம்... அது பாம் இல்ல. கரண்ட் இல்லாம யு.பி.எஸ். கத்துது!"

சத்தம் வந்த பக்கம் இருவரும் நடந்தார்கள். வேப்பமர நிழலில் ஒரு வெள்ளைக் கார்.

முதலாளியின் கார்!

"டிக்கியைத் திறங்க பாய்" என்றாள் வானதி, பின்னாலேயே வந்த காதர் மைதீனிடம்.

"சாவி... வீட்ல இருக்கு."

"அப்ப காரை ஊதித் தள்ளிக்கிட்டா வந்தீங்க?"

காதர் மைதீன் நெற்றி வியர்வையோடு சாவியை எடுத்தார். டிக்கி திறந்தது. போர்வைக்குள் சி.பி.யு. ஒயர் கழற்றத் தெரியாமல் அதோடு சேர்த்துத் தூக்கிய யு.பி.எஸ்.!

ஃபிளோராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே முதலாளி! ஏன்?"

அவர் வாய் திறப்பதற்குள் அவர் செல்போன் அடித்தது. வானதி வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க!" அவர் மனைவி அனீஸாவின் குரல். "வேலையெல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுதுன்னு சொன்னீங்கல்ல? வந்து பரணைச் சுத்தம் பண்ணுங்க! ஏணி போட்டு எத்தனை நாளாச்சு!"

போன் கட்டானது. காதர் மைதீன் தாடியைச் சொறிந்தார்.

"கம்ப்யூட்டர் ஸ்லோ, வேலை முடியலைன்னு சொல்லிச் சொல்லியே கல்யாணமானதுலேர்ந்து அந்தப் பரணைத் தள்ளிப் போட்டேன்மா. இது வேகமா ஓடின சந்தோஷத்துல வாய் தவறி உளறிட்டேன்... மேல பெருச்சாளி குடும்பமே இருக்கு ஃபிளோரா!"

ஃபிளோராவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அக்கா கேட்டா, சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்குன்னு நான் சொல்றேன். ஆனா என் கம்ப்யூட்டர்ல இனிமே கை வைக்கக் கூடாது."

"வைக்கவே மாட்டேன்மா!"

சி.பி.யு. மேஜைக்குத் திரும்பியது. சீட்டுகள் சடசடவென்று வந்து விழுந்தன. கடைசி மூட்டை குடோனுக்குள் போகவும், முதல் துளி மண்ணில் விழவும் சரியாக இருந்தது.

"கம்ப்ளெயின்ட் எழுதலாமா?" என்றாள் வானதி.

"வேணாம் மேடம்" என்றாள் ஃபிளோரா.

வானதி தொப்பியை மாட்டிக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். காதர் மைதீன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பாய்... நாளைக்கு எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கும் புது சிஸ்டம் போட வர்றாங்க. உங்க டிக்கியில இடம் இருக்குமா?"